‘அப்டேட்டில் வரும்’ என்று சொல்லி விற்காதீர்கள்: கார் ஸ்டீரியோ நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

கார் ஸ்டீரியோ தயாரித்து விற்கும் நிறுவனங்களுக்கும், குறிப்பாக அவற்றின் இந்திய அலுவலகங்களில் உட்கார்ந்து பெட்டியின் மேல் என்ன அச்சிடுவது என்று முடிவெடுப்பவர்களுக்கும்,

வணக்கம்.

கார் கம்பெனியே போட்டுத் தரும் செட்டைப் பற்றி நான் எழுத வரவில்லை. கடையில் வாங்கி, பழைய செட்டைக் கழற்றிவிட்டு மாட்டிக்கொள்ளும் ஸ்டீரியோவைப் பற்றி எழுதுகிறேன். என் கோரிக்கை ஒன்றுதான். போனை காரோடு இணைக்கும் வசதி எதுவாக இருந்தாலும், விற்கும் அன்று அது வேலை செய்ய வேண்டும். அன்று வேலை செய்யாததை ‘அப்டேட்டில் வரும்’ என்று சொல்லி விற்காதீர்கள். சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால் தேதி போட்டுச் சொல்லுங்கள். அந்தத் தேதி தவறினால், கேட்கிறவருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்.

உங்கள் கடைக்கு வருபவர் யார் என்று கொஞ்சம் பாருங்கள். இப்போது வரும் புதுக் கார்கள் பலவற்றில் பெரிய திரையும், போனில் இருக்கும் மேப், பாட்டு, அழைப்பு எல்லாவற்றையும் அந்தத் திரையில் கொண்டுவரும் கார்ப்ளேயும் (ஐபோனுக்கு ஆப்பிள் தருவது), ஆண்ட்ராய்டு ஆட்டோவும் (ஆண்ட்ராய்டு போனுக்கு கூகுள் தருவது) கூடவே வந்துவிடுகின்றன. 2015 அக்டோபரில் மாருதி பலேனோ வந்தபோதே அதில் கார்ப்ளே இருந்தது. உங்களிடம் வருபவர் அதற்கு முன்னால் கார் வாங்கியவர், செகண்ட் ஹேண்டில் எடுத்தவர், அல்லது பணம் பற்றாமல் அடிமட்ட வேரியன்ட்டோடு நிறுத்திக்கொண்டவர். சொந்தக் காருக்கு ஆர்.சி. 15 வருடம் செல்லும், அதன் பிறகு எஃப்.சி. காட்டிப் புதுப்பித்துக்கொள்ளலாம். 2012-இல் எடுத்த ஸ்விஃப்டும் ஐ10-உம் இன்னும் எஞ்சின் கெடாமல், ஏசி குறையாமல் ஓடிக்கொண்டிருக்கின்றன. போன் மட்டும் மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை மாறிவிடுகிறது. இந்த இரண்டையும் சேர்த்துவைக்கிற பொருள் உங்கள் ஸ்டீரியோதான். ஸ்டீரியோ உட்காரும் இடத்துக்கு டபுள் டின் என்று ஓர் அளவு உண்டு. டபுள் டின் என்றால் 180 மில்லிமீட்டர் அகலம், 100 மில்லிமீட்டர் உயரம் என்று உலகம் முழுவதும் ஒரே அளவு இருப்பதால், ஒரு ஃப்ரேமும், வயர்களைச் சேர்க்கும் கப்ளரும் இருந்தால் எந்தக் கம்பெனி செட்டையும் பெரும்பாலான பழைய கார்களில் மாட்டிவிட முடிகிறது. புதுக் கார் வாங்க முடியாதவருக்கு இது எவ்வளவு பெரிய வசதி என்று உங்களுக்கே தெரியும். அதனால்தான் அதில் சொன்ன சொல் தவறும்போது இவ்வளவு வலிக்கிறது.

எங்கள் தெருவில் கால் டாக்சி ஓட்டும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். ஏசி வென்ட்டில் ஒரு ஹோல்டரை மாட்டி அதில் போனைச் செருகியிருக்கிறார். சித்திரை வெயில் கண்ணாடி வழியாக நேரே போன் மேல் அடிக்கும். மேப் ஓடுகிறது, சார்ஜ் ஏறுகிறது, இடையில் சவாரி அழைப்பும் வருகிறது. கொஞ்ச நேரத்தில் போன் கொதித்து, சார்ஜ் ஏறுவது நின்று, திரை தானாகவே மங்கிவிடும். கத்திப்பாரா மேம்பாலத்தில் எந்தக் கிளையில் இறங்குவது என்று தெரிய வேண்டிய நொடியில், அவர் ஒரு கையால் போனுக்கு நிழல் கட்டிப் பார்க்கிறார். பின்சீட்டில் இருந்து அதைப் பார்த்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில், ஓட்டும்போது போனைக் கையில் வைத்துப் பயன்படுத்துவது ஆபத்தான ஓட்டுதல் என்ற கணக்கில் வருகிறது. முதல் தடவைக்கே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், சிறைக்கும் இடமுண்டு. 2020 அக்டோபரில் விதியைத் திருத்தி, வழி பார்ப்பதற்கு மட்டும், அதுவும் கவனம் சிதறாத வகையில் பயன்படுத்தலாம் என்றார்கள். கவனம் சிதறாமல் வழி பார்க்க இருப்பதில் நல்ல ஏற்பாடு டேஷ்போர்டில் ஒரு திரையும், அதில் ஓடும் மேப்பும், குரலில் கேட்டால் பதில் சொல்லும் வசதியும்தான். அதாவது நீங்கள் விற்கும் பொருள். பாட்டுக் கேட்கும் சொகுசுக்காக மட்டும் யாரும் இதற்குக் காத்திருக்கவில்லை.

இனி என் அனுபவம். எந்த நிறுவனம் என்று சொல்லப் போவதில்லை, ஏனென்றால் இதையே வேறு பெயர்கள் போட்ட பெட்டிகளிலும் பார்த்துவிட்டேன். நான் வாங்கிய செட்டின் பெட்டியில் ஆண்ட்ராய்டு ஆட்டோ சின்னம் பளிச்சென்று இருந்தது. பக்கத்திலேயே வயர்லெஸ் என்று போட்டு, அலை அலையாக ஒரு சிறு படம். அந்தச் சொல்லுக்கு மேல் ஒரு நட்சத்திரக் குறி. அது எதற்கு என்று தேடினால், பெட்டியின் அடிப்பக்கம், பார்கோடுக்குக் கீழே, எறும்பு சைஸ் எழுத்தில், எதிர்கால மென்பொருள் அப்டேட்டில் கிடைக்கும் என்று இருக்கிறது. கடைக்காரர் நல்ல மனிதர். ‘அடுத்த மாசம் வந்துடும் சார், கம்பெனி ஆளே சொன்னாரு’ என்றார். அவர் பொய் சொல்லவில்லை, அவருக்குச் சொன்னதை எனக்குச் சொன்னார். அடுத்த மாதம் வந்தது, அப்டேட் வரவில்லை. கஸ்டமர் கேருக்கு எழுதினால், ‘எங்கள் தொழில்நுட்பக் குழு இதில் வேலை செய்துகொண்டிருக்கிறது’ என்று ஒரே பதில், கமா கூட மாறாமல். அப்புறம் ஒரு நாள் அதே கடையில் புது மாடல் வந்திருந்தது. அதில் வயர்லெஸ் வேலை செய்தது. என் மாடலோ நிறுவனத்தின் தளத்தில் ‘நிறுத்தப்பட்டவை’ பகுதிக்குப் போய்விட்டது. வாக்குறுதியை வாபஸ் வாங்குகிறோம் என்று ஒரு வரி கூட யாரும் எழுதவில்லை. அந்த நட்சத்திரக் குறி என் வீட்டுப் பரணில் இருக்கும் பெட்டியில் இன்னும் அப்படியே இருக்கிறது.

பந்தியில் இலை போட்டு உட்கார வைத்துவிட்டு, அரிசி இப்போதுதான் களைகிறோம் என்று சொல்வதைப் போன்ற காரியம் இது.

இந்தப் பழக்கத்துக்கு வயதும் ஆகிவிட்டது. 2013 ஜூனில் ஐபோனைக் கார் திரையோடு இணைக்கும் ஏற்பாட்டை ஆப்பிள் அறிவித்தது. 2014 மார்ச்சில் ஜெனீவா கார் கண்காட்சியில் கார்ப்ளே என்ற பெயரோடு வந்தது. அடுத்த மாதமே ஸ்டீரியோ நிறுவனமான பயனியர், அமெரிக்காவில் விற்றுக்கொண்டிருந்த தன் நெக்ஸ் வரிசை செட்டுகளுக்கு ஃபர்ம்வேர் (செட்டுக்குள் ஓடும் மென்பொருள்) அப்டேட்டில் கார்ப்ளே தருவதாக அறிவித்தது. கோடைத் தொடக்கத்தில் என்றார்கள், வந்தது அக்டோபரில். கோடை முழுக்க அந்த செட்டை வாங்கியவர்கள் வெறும் சொல்லை நம்பிக் காத்திருந்தார்கள். ஆனாலும் அது வந்தது, வாங்கியவர் கையில் இருந்த அதே செட்டிலேயே வந்தது. அதை நான் மதிக்கிறேன். அந்த செட்டுகள் அமெரிக்காவில் ஏறக்குறைய 700 டாலரில் தொடங்கி 1,400 டாலர் வரை விற்றவை என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஆண்ட்ராய்டு போன் வைத்திருந்தவர்களின் கதை வேறு. கூகுள் 2014 ஜூனில் ஆண்ட்ராய்டு ஆட்டோவை அறிவித்தது. 2015 மார்ச்சில் அது வந்தபோது, பயனியரின் புதிய நெக்ஸ் மாடல்களில்தான் இருந்தது. முந்தைய வருட மாடல்களுக்கு வரவில்லை. ஒரு வருடத்துக்குள் விலை உயர்ந்த செட் ஒன்று பாதி உலகத்துக்குப் பழசாகிவிட்டது. அதற்கும் முன்னால், போனை கார் திரையோடு இணைக்க மிரர்லிங்க் என்று ஒன்று இருந்தது. நோக்கியாவில் தொடங்கிய யோசனை அது. 2011-இல் பல நிறுவனங்கள் ஒன்றுகூடிக் கூட்டமைப்பு வைத்து வளர்த்தார்கள். ஸ்டீரியோ கம்பெனிகளும் பெட்டியில் அதன் சின்னத்தைப் போட்டு விற்றார்கள். 2020-இல் சாம்சங் தன் போன்களில் அதற்கான ஆதரவை நிறுத்தியது. அந்த செட்டுகள் இன்னும் எத்தனையோ கார்களில் இருக்கின்றன, அந்தப் பொத்தானை அழுத்தினால் இன்றைய போனோடு எதுவும் நடக்காது.

வயர்லெஸ் விஷயத்திலும் இதே காத்திருப்புதான். கம்பியில்லாத கார்ப்ளேவை ஆப்பிள் 2015-லேயே அறிவித்துவிட்டது. வெளியில் வாங்கி மாட்டும் செட்டுகளில் முதலாவதான ஆல்பைன் ஐஎல்எக்ஸ்-107 2017 ஜனவரியில்தான் அறிமுகமானது. வயர்லெஸ் ஆண்ட்ராய்டு ஆட்டோவை 2018 ஜனவரியில் லாஸ் வேகாஸ் கண்காட்சியில் காட்டினார்கள். ஆனால் முதலில் கூகுளின் சொந்த பிக்ஸல், நெக்ஸஸ் போன்களில்தான் ஓடியது. மற்ற கம்பெனி போன்களுக்குப் பரவலாகக் கதவு திறந்தது 2020-இல் ஆண்ட்ராய்டு 11 வந்த பிறகு.

உங்கள் கஷ்டம் எனக்குப் புரியாமல் இல்லை. ஒரு மாடலை கார்ப்ளேவுக்கு ஏற்றதாக்க ஆப்பிளின் சான்று வேண்டும், அதற்கான அடையாளச் சிப் செட்டுக்குள் இருக்க வேண்டும். ஆண்ட்ராய்டு ஆட்டோவுக்கு கூகுளின் சோதனைகளைத் தாண்ட வேண்டும். அந்த வரிசையில் உங்கள் மாடல் எப்போது முன்னால் வரும் என்பது உங்கள் கையில் மட்டும் இல்லை. நம் நாட்டில் வயர்லெஸ் கருவி எதை விற்பதற்கும் தொலைத்தொடர்புத் துறையின் அங்கீகாரம் தேவை. வயர்லெஸ் இணைப்பு, ப்ளூடூத்தில் போனை அடையாளம் கண்டு, பிறகு வைஃபைக்கு மாறி ஓடுகிறது. ஆண்ட்ராய்டு ஆட்டோவுக்கு அது 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையாக இருக்க வேண்டும். இந்தியாவில் அந்த அலைவரிசைகளைக் கட்டிடத்துக்கு வெளியேயும் உரிமம் இல்லாமல் தாராளமாகப் பயன்படுத்த வழி பிறந்ததே 2018 அக்டோபரில் அரசு வெளியிட்ட அறிவிக்கைக்குப் பிறகுதான். இப்படி ஒரு காரணம் இருந்தது என்று எந்தக் கம்பெனியாவது வாடிக்கையாளருக்கு ஒரு பத்தியில் எழுதியிருந்தால், எத்தனை பேருடைய கோபம் தணிந்திருக்கும்! தாமதத்தை நாங்கள் பொறுத்துக்கொள்வோம். எங்களால் தாங்க முடியாதது உங்கள் மௌனம்.

ஆனால் ஒரு விஷயத்தில் உங்களுக்கு எந்தச் சாக்கும் கிடையாது. கார்ப்ளே, ஆண்ட்ராய்டு ஆட்டோ இரண்டிலும் மூளை வேலை முழுக்க போனில்தான் நடக்கிறது. மேப்பை வரைவது போன். வரைந்த படத்தை வீடியோவாகச் சுருக்கி அனுப்புவதும் போன்தான். அதை விரித்துக் காட்டி, விரல் எங்கே பட்டது என்று போனுக்குத் திருப்பிச் சொல்வது மட்டுமே உங்கள் செட்டின் வேலை. அதனால்தான் கூகுள் 2022 மே மாதம் அறிவித்து, கோடையில் வரும் என்று சொல்லி, கடைசியில் 2023 ஜனவரியில் தந்த, மேப்பும் பாட்டும் பக்கம் பக்கமாகத் தெரியும் புதிய பிரிந்த திரை, பழைய செட் வைத்திருந்தவர்களுக்கும் தானாகவே வந்து சேர்ந்தது. அங்கேயும் தாமதம்தான், ஆனால் யாரும் அதற்காகப் புது செட் வாங்க வேண்டியிருக்கவில்லை. சரி, அப்படியானால் உங்கள் செட்டில் பின்னால் வரக்கூடியது எது, வரவே முடியாதது எது என்பது, போர்டை வடிவமைக்கும் நாளிலேயே உங்கள் பொறியாளர்களுக்குத் தெரியும். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை இல்லாத செட்டுக்கு எந்த மென்பொருளும் வயர்லெஸ் ஆண்ட்ராய்டு ஆட்டோவைத் தர முடியாது. பாகம் இருக்கிறது, மென்பொருள் மட்டும் பாக்கி என்றால் அதை அப்டேட் என்று சொல்லலாம். பாகமே இல்லாதபோது அப்டேட் என்ற பேச்சை எடுப்பது ஏமாற்று வேலை. இதைக் கொஞ்சம் கடுமையாகத்தான் சொல்கிறேன்.

நீங்கள் விட்டுவைத்த இடத்தை மற்றவர்கள் நிரப்பிக்கொண்டதையும் பார்த்திருப்பீர்கள். 2020-இல் ஏஏவயர்லெஸ் என்ற சின்னக் கருவிக்கு மக்கள் முன்கூட்டியே பணம் கட்டிக் காத்திருந்தார்கள். 2022 ஜனவரியில் மோட்டோரோலா பெயரில் எம்ஏ1 வந்தது. கம்பியில் மட்டும் ஆண்ட்ராய்டு ஆட்டோ ஓடும் செட்டின் யூஎஸ்பி துளையில் செருகினால் போதும், வயர்லெஸ் ஆகிவிடும். நல்ல கருவிதான். ஆனால் வயர்லெஸ் வரும் என்ற பேச்சுக்கு ஒருமுறை உங்களிடம் பணம் கொடுத்தவர், அதே வசதிக்கு இன்னொருமுறை வேறொருவரிடம் பணம் கொடுக்கிறார்.

அப்டேட் வந்துவிட்டாலும் கதை முடிவதில்லை. உங்கள் தளத்துக்குப் போய் மாடல் எண்ணைப் போட்டால் அமெரிக்க மாடலுக்கு ஒரு கோப்பு, ஐரோப்பிய மாடலுக்கு ஒரு கோப்பு. இந்திய மாடலின் வால் எழுத்துகள் பட்டியலிலேயே இல்லை. வேறு நாட்டுக் கோப்பை ஏற்றினால் செட் செத்துப்போகலாம் என்ற எச்சரிக்கை மட்டும் எல்லாப் பக்கத்திலும் இருக்கிறது. கோப்பு கிடைத்தால், அதை விரித்து, ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்த பென் டிரைவில் போட்டு, சாவியை ஏசிசி நிலையில் (எஞ்சின் ஓடாமல் செட்டுக்கு மட்டும் மின்சாரம் வரும் நிலை) வைத்து, திரையில் கோடு நகர்வதைப் பார்த்தபடி காருக்குள் உட்கார்ந்திருக்க வேண்டும். பாதியில் பேட்டரி இறங்கினால் செட் கருப்பாகி நின்றுவிடும், பிறகு சர்வீஸ் சென்டர்தான் கதி. கணினியோடு பழகாத ஒருவர் இதைத் தானாகச் செய்துகொள்வார் என்று எப்படி எதிர்பார்க்கிறீர்கள்? சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்கு வந்து பாருங்கள். வரிசையாக ஆக்சசரி கடைகள், ரோட்டோரம் கதவு திறந்தபடி கார்கள், டேஷ்போர்டைப் பிரித்துவைத்து வயர் சேர்க்கும் பையன்கள். அப்டேட் வராத கோபம் முழுக்க அவர்கள் தலையில்தான் இறங்குகிறது. ‘அண்ணே, போன வாரம் நீங்கதானே வரும்னு சொன்னீங்க’ என்று கேட்கும் வாடிக்கையாளருக்கு அந்தப் பையன் என்ன பதில் சொல்வான்? உங்கள் விற்பனைப் பிரதிநிதி சொன்னதைத்தான் அவன் திருப்பிச் சொன்னான். அவனுக்குத் தெரிந்த கம்பெனி முகமும் அந்தப் பிரதிநிதி ஒருவர்தான்.

நீங்கள் செய்ய வேண்டியதில் எதுவும் பெரிய செலவு பிடிக்காது. பெட்டியின் முன்பக்கம் இன்று வேலை செய்வதை மட்டும் போடுங்கள். பின்னால் வரப்போவது ஏதாவது இருந்தால், அதே அளவு எழுத்தில், மாதமும் வருடமும் சேர்த்துத் தனியாகப் போடுங்கள். செட்டில் இருக்கும் வைஃபை எந்த அலைவரிசையில் ஓடும் என்று ஒரு வரி எழுதுங்கள். விவரம் தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுப்பார். இந்திய மாடல்களுக்கென்று தனிப் பக்கம் வைத்து, ஒவ்வொரு அப்டேட்டிலும் என்ன மாறியது என்று தமிழிலும் எழுதுங்கள். தாமதமானால் காரணத்தோடு அந்தப் பக்கத்தில் சொல்லுங்கள். ஆப்பிளிடமோ கூகுளிடமோ சான்றுக்குக் காத்திருக்கிறோம் என்பதில் மறைக்க என்ன இருக்கிறது? எத்தனை வருடத்துக்கு அப்டேட் தருவோம் என்று போன் கம்பெனிகள் இப்போது போட்டி போட்டுச் சொல்கின்றன. டேஷ்போர்டில் போனைவிட நீண்ட காலம் இருக்கப்போகும் உங்கள் செட்டுக்கு அந்தக் கணக்கே இல்லை. அதையும் அச்சிடுங்கள். அப்டேட் ஏற்றும் வேலையை அங்கீகாரம் பெற்ற கடைகளில் இலவசமாகச் செய்யச் சொல்லி, அந்தக் கூலியை நீங்கள் கொடுங்கள்.

பணத்தைத் திருப்பித் தருவதில்தான் உங்களுக்குத் தயக்கம் வரும் என்று தெரியும். வாங்கி, மாட்டி, பயன்படுத்திய பொருளுக்கு எப்படி முழுப் பணம் தருவது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். முழுப் பணம் வேண்டாம் என்பவருக்கு, அந்த வசதி உள்ள புது மாடலை வித்தியாசத் தொகை மட்டும் வாங்கிக்கொண்டு மாற்றிக் கொடுங்கள். ஏற்கெனவே சொன்ன தேதி தாண்டிப்போன மாடல்களுக்கு இதை இப்போதே தொடங்கலாம். வர வேண்டிய வசதியை மனதில் வைத்துத்தான் அன்று அந்த விலையைக் கொடுத்தோம், இல்லையென்றால் பக்கத்து ஷெல்ஃபில் இருந்த விலை குறைந்த செட் போதுமே.

சட்டம் எங்கள் பக்கம் இருக்கிறது என்பதையும் மரியாதையோடு நினைவூட்டுகிறேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொருளின் தன்மையைப் பற்றிய தவறான விளம்பரத்தைக் குற்றமாகப் பார்க்கிறது. பெட்டியில் அச்சிடுவதும் விளம்பரக் கணக்கில்தான் வரும். அந்தச் சட்டத்தின்படி 2020-இல் அமைந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தயாரிப்பாளருக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம், திரும்பத் திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணும் இருக்கிறது. இந்த மடலைப் படிக்கும் மற்ற வாடிக்கையாளர்களுக்குச் சொல்கிறேன்: பில்லையும் பெட்டியையும் தூக்கி எறியாதீர்கள், நட்சத்திரக் குறியையும் அடிப்பக்க எழுத்தையும் போட்டோ எடுத்து வையுங்கள்.

நிறுவனங்களுக்கு இன்னும் ஒன்று. ஆயுத பூஜைக்கும் தீபாவளிக்கும் முன்னால் உங்கள் புது மாடல்கள் கடைக்கு வரும். வண்டிக்குப் பொட்டு வைத்து மாலை போடும் கையோடு செட்டையும் மாற்றிவிடலாம் என்று போனஸ் பணத்தோடு வருபவர்கள் நிறைய பேர். அந்தப் பெட்டிகள் அச்சுக்குப் போகும் முன், உங்கள் பொறியாளர் ஒருவரையும் விற்பனை அதிகாரி ஒருவரையும் ஒரே மேசையில் உட்கார வையுங்கள். ஒவ்வொரு சின்னத்துக்கும் நேராக, இது இன்று வேலை செய்கிறதா, எந்த நாளில் வேலை செய்யும், இல்லையென்றால் யார் பொறுப்பு என்று கேட்டு எழுதி வாங்குங்கள். பதில் இல்லாத சின்னத்தை எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே விற்றுவிட்ட மாடல்களுக்கு ‘வரும்’ அல்லது ‘வராது’ என்று தேதியோடு ஓர் அறிவிப்பை அதற்கு முன்பே உங்கள் தளத்தில் வெளியிடுங்கள். ‘வராது’ என்று எழுதினாலும் பரவாயில்லை, நாங்கள் வேறு வழி பார்த்துக்கொள்வோம்.

இப்படிக்கு,
பழைய காரைப் பத்திரமாக ஓட்டிக்கொண்டிருக்கும் ஒரு சென்னை வாடிக்கையாளர்